நம் வாசலுக்கு எத்தனை பருவம்?

மலேசியத் தமிழர் வாயில் ‘தோட்டம்’ என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருவது பூச்செடியும் காய்கறியும் இல்லை, எஸ்டேட்தான். “எந்தத் தோட்டத்துல பொறந்தீங்க?” என்று இன்றும் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கித்தாத் தோட்டம், செம்பனைத் தோட்டம், அங்கே ஒரு லயம், லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நிலத்துக்கும் தோட்டம் என்றுதான் பெயர். என் பாட்டி இரண்டையும் பிரித்துச் சொல்வாங்க: “அது தொரையோட தோட்டம், இது என்னோட தோட்டம்.”

இந்தப் பாடம் அந்த இரண்டாவது தோட்டத்தைப் பற்றியது. நான் பொறியியல் படிப்பவன், விவசாய நிபுணன் இல்லை. ஆனால் சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் எங்கள் வீட்டு முன்வாசலில், பாட்டியோடு சேர்ந்து செடி வளர்க்கிறேன். அதில் கற்றதை நம் இளைஞர்களுடன் பகிர்ந்துகொள்வதே நோக்கம். மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம். நமக்குப் பருவம் என்று ஒன்று உண்டா? தமிழ் மாதங்கள் இந்த மண்ணுக்குப் பொருந்துமா? வீட்டுச் செடிக்கும் நம் சமயத்துக்கும் என்ன தொடர்பு?

1. நான்கா, ஆறா?

பள்ளிக்கூடப் படங்களில் நான்கு பருவம் பார்த்திருப்போம்: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். நம் பழைய தமிழ் நூல்கள் ஆறு பருவம் சொல்கின்றன. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இரண்டு கணக்குமே அப்படியே நமக்குப் பொருந்தவில்லை. சிரம்பானில் பனி எங்கே பெய்கிறது?

அதனால் ‘நமக்குப் பருவமே இல்லை, வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான்’ என்று சொல்லிவிடுகிறோம். இது சரியில்லை. சிரம்பான் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 2.7 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். குளிர்காலம் இல்லாததற்கு இதுதான் காரணம். ஆனால் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை ஏறும்: ஏப்ரலை ஒட்டி ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் மறுமுறை. இரண்டு முறை குறையும்: ஜனவரி, பிப்ரவரியில் ஒருமுறை, ஜூன், ஜூலையில் மறுமுறை. ஆக நமக்கும் நான்கு பருவம் உண்டு. அவை வெப்பத்தால் வருபவை அல்ல, மழையால் வருபவை.

தோட்டத்து மக்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. கித்தா மரமே அவர்களுக்கு நாட்காட்டி. தை, மாசியில் இலை பழுத்துக் கொட்டும்; பால் குறையும். பங்குனியில் தளிர் வரும், பூக்கும். ஆவணி, புரட்டாசியில் காய் ‘பட்’டென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும், பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். பிரேசிலிலிருந்து வந்த மரம், தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள். இரு தரப்பும் இந்த மண்ணின் மழைக்குப் பழகிக்கொண்டார்கள்.

2. நம் நான்கு பருவங்கள்

தை, மாசி: உலர்ந்த காலம்

பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்து இந்தப் பருவத்தின் முதல் விளைச்சல். கடையில் வாங்கினாலும் பொங்கல் பொங்கும்தான். ஆனால் சித்திரையில் நாமே புதைத்த கிழங்கை தை முதல் நாள் இலையோடும் மண்ணோடும் பிடுங்கும்போது, எட்டு, ஒன்பது மாதம் காத்திருந்த சந்தோஷம் கையில் வாசமாக ஒட்டிக்கொள்ளும். பிடுங்கியதில் நல்ல கிழங்கு நாலைந்தை நிழலில் எடுத்து வைக்கவேண்டும். அடுத்த பொங்கலுக்கு அதுதான் விதை.

இந்த இரண்டு மாதம் மண் சீக்கிரம் காயும். செடியின் அடியில் காய்ந்த இலையைப் பரப்பி மூடி வைத்தால் ஈரம் நிற்கும். தண்ணீரை விடியற்காலையில், வேருக்கு ஊற்றவும். முருங்கைக்கு இந்த வறட்சி பிடிக்கும். மழைக்காலம் முழுக்க வெறும் கீரையாகவே தழைத்த மரம் இப்போதுதான் பூக்க நினைக்கும். மழை ஓய்ந்ததும் மல்லிகையைக் கவாத்து செய்தால், புதுக்கிளையில் மொட்டு வரும். “மல்லிகைக்குக் கத்தி படணும், முருங்கைக்குத் தண்ணி படக்கூடாது” என்பது பாட்டியின் கணக்கு.

பங்குனி, சித்திரை, வைகாசி: சாயங்கால இடிமழை

காலையில் நல்ல வெயில், மூன்று மணிக்கு மேல் கருமேகம், இடி, கொட்டும் மழை. புதிதாக நடுவதற்கு இதுவே நல்ல காலம். மஞ்சள், வாழைக்கன்று, பசளிக்கொடி, தண்டுக்கீரை எல்லாம் இப்போது வைக்கலாம். கீரை மூன்று, நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு எளிய கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். கார் நிறுத்தும் இடத்தின் கூரை 20 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு சாயங்கால மழை 30 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் மூன்று நிறையும். ஒரு மழையின் தண்ணீரைப் பிடித்தாலே சின்ன வாசலுக்கு வாரக்கணக்கில் போதும்.

ஆனால் பீப்பாயைத் திறந்து வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். பீப்பாய்க்கு நெருக்கமான வலை கட்டுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். வீட்டில் கொசு வளர விட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வராமல் பார்ப்பதும் அகிம்சைதான்.

ஆனி, ஆடி, ஆவணி: பழக்காலம்

டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் சாலையோரம் குவியும். மழை குறையும். சில ஆண்டுகளில் தென்மேற்குக் காற்று சுமத்ராவின் புகையையும் கொண்டுவந்துவிடும். அப்போது இலையில் படிந்த தூசியை லேசாகக் கழுவிவிடுவது நல்லது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இது தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தது. அங்கே ஆண்டு மழை சராசரியாக 900 முதல் 950 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். ஆடியில் விதைத்தால் வளரும் பயிருக்கு அந்த மழை கிடைக்கும். சிரம்பான் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர். மழைக்காக ஆடி வரை காத்திருக்கவேண்டிய தேவை இங்கே இல்லை. அப்படியானால் பழமொழி இங்கே செல்லாதா?

பாட்டி இன்றும் ஆடியில்தான் வெண்டை விதைக்கிறாங்க. ஏன் என்று கேட்டேன். “பொரட்டாசிக்கு வேணும்ல?” என்றாங்க. வெண்டை விதைத்து 45, 50 நாளில் காய் பறிக்கலாம். ஆடி நடுவில் போட்ட விதை ஆவணி கடைசியில் காய்க்கத் தொடங்கும். புரட்டாசி மாதம் முழுக்க சைவம் இருக்கும் வீட்டில், சனிக்கிழமைப் பெருமாள் படையலுக்கு வாசலிலிருந்தே காய் வரும். மேலும் வெயில் உள்ள மாதங்களில் வெண்டையின் இளஞ்செடி அழுகாது. ஐப்பசிப் பெருமழை வருவதற்குள் பாதிக்கு மேல் பறித்தாகிவிடும். தமிழ்நாட்டில் மழையை எதிர்பார்த்து ஆடியில் விதைத்தார்கள். இங்கே மழைக்கு முந்திக்கொள்ள ஆடியில் விதைக்கிறோம். மாதம் அதே, காரணம் வேறு. பழமொழியை அப்படியே மனப்பாடம் செய்பவருக்கு இது தெரியாது. மண்ணைப் பார்த்துக்கொண்டே பழமொழி சொல்பவருக்குத்தான் தெரியும்.

புரட்டாசி கடைசி முதல் மார்கழி வரை: பெருமழை

நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை தீபம் எல்லாம் ஈரத்தில்தான் வருகின்றன. செடிக்கு இப்போது எதிரி வறட்சி இல்லை, தேங்கும் தண்ணீர். தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா, லோங்கா வழியாகத் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். அடர்ந்த கிளையைக் குறைத்தால் காற்று நுழையும், பூசணம் குறையும். பெருமழைக்கு முன் உரம் போடாதீர்கள்; பாதி உரம் லோங்காவுக்குப் போய்விடும்.

இன்னொன்று வெயில் விழும் திசை. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூனில் அது வடக்கே சுமார் 21 பாகை சாயும். டிசம்பரில் தெற்கே சுமார் 26 பாகை. மூன்று மீட்டர் உயரச் சுவர், மார்கழியில் உச்சிப்பொழுதில், அதாவது நம் கடிகாரப்படி மதியம் ஒன்றேகால் மணி வாக்கில், வடக்குப் பக்கம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நிழல் போடும். வடக்குப் பார்த்த வாசல் என்றால் சுவரை ஒட்டிய தொட்டிகளை இந்த மாதங்களில் முன்னுக்கு நகர்த்துங்கள். ஆனி, ஆடியில் இதற்கு நேர்மாறாக, தெற்கு வாசல்காரர்கள் நகர்த்தவேண்டும். துளசி ஏன் திடீரென்று வாடுகிறது என்று கவலைப்படும் பல வீடுகளில் காரணம் இந்த நிழலாகத்தான் இருக்கும்.

3. பூச்செடியும் தொண்டுதான்

செடி வளர்ப்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் சமயம் அப்படி நினைக்கவில்லை. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டினார். ஆண்டாளை அவர் கண்டெடுத்தது துளசித் தோட்டத்தில். அந்த ஆண்டாளின் திருநாள் ஆடிப்பூரம், நாம் விதை போடும் அதே ஆடி. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்தில் நந்தவனத் தொண்டு செய்தார். சைவத்திலும் அப்படியே: அறுபத்துமூவரில் ஒருவரான முருக நாயனாரின் தொண்டு, திருப்புகலூரில் பூப் பறித்து மாலை தொடுத்ததுதான். திருநாவுக்கரசர் கையில் பிடித்தது உழவாரப்படை, கோயிலில் புல் செதுக்கும் கருவி. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் கேட்பதும் இலை, பூ, பழம், தண்ணீர் ஆகியவைதான். இந்த நான்கும் ஒரு சின்ன வாசலில் கிடைக்கும்.

இல்லறத்தார் செய்யவேண்டிய பஞ்ச மகா யக்ஞம் பற்றி வகுப்பில் படித்திருப்போம். அதை வாசலில் வைத்துப் பாருங்கள். காலையில் பறிக்கும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தேவ யக்ஞம். (1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட ‘பூங்கா ராயா’வும் நம் பிள்ளையாருக்கு வைக்கும் செம்பருத்தியும் ஒன்றே.) அமாவாசைப் படையலுக்கு வெட்டும் வாழையிலை பித்ரு யக்ஞம். கொத்து முருங்கைக்கீரையை மேல்வீட்டு மலாய் மக்சிக்கும் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் கொடுப்பது மனுஷ்ய யக்ஞம். பதிலுக்கு அவர்கள் செராயும் பண்டான் இலையும் கொடுப்பார்கள், நம் வாசலில் அவையும் வேர் பிடிக்கும்.

பூத யக்ஞம்தான் கஷ்டமானது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அது எச்சமில்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு. சில நாளில் பச்சையாக மாறி, இலையைத் தின்று தீர்க்கும். மருந்து அடிக்கலாம். ஆனால் அந்த இலை நம் ரசத்துக்கும் போகிறதே! நாங்கள் செய்வது, பெரிய செடியில் இருக்கும் புழுவை ஓரத்தில் உள்ள சின்னக் கன்றுக்கு மாற்றிவிடுவது. அந்தக் கன்று அவர்களுடைய பங்கு. அது சில சமயம் மொட்டையாகும், பிறகு துளிர்க்கும். எல்லா உயிரும் சமம் என்று மேடையில் பேசுவது சுலபம். அதற்கு ஒரு செடியை விட்டுக்கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஐந்தாவது பிரம்ம யக்ஞம், கற்பதும் கற்பிப்பதும். அதற்குத்தான் அடுத்த பகுதி.

4. எதைக் கொண்டு வந்தோம், எதை விட்டுவிடுவோம்?

பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பம் உள்ள தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி, தோட்ட நிர்வாகம் ஒதுக்கவேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் அது முழுசாகக் கிடைத்தது என்று சொல்லமுடியாது. கிடைத்த இடத்திலும் நிலம் நிர்வாகத்துடையது. விளைந்தது மட்டும்தான் தொழிலாளியுடையது. பட்டா இல்லாத அந்த மண்ணில் நம் முன்னோர் வாழையும் முருங்கையும் வளர்த்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன, வீட்டுமனைகளாயின. நெகிரி செம்பிலானில் சிரம்பானைச் சுற்றிய தாமான்கள் பலவும் ஒரு காலத்தில் கித்தா நின்ற இடங்கள்தான். மக்கள் தாமானுக்கும் பிளாட்டுக்கும் போனார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது, காய்த்த மரத்தையும் தூக்கிக்கொண்டு வரமுடியாது. பாட்டி சாக்குப் பையில் கொண்டு வந்தவை மூன்று: ஒரு முருங்கைப் போத்து, ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு வாழைக்கன்று. இன்று தெமியாங்கில் எங்கள் வாசலில் நிற்கும் வாழை அந்தக் கன்றின் வழிவந்தது. ஒரு குத்தில் தாய், மகள், பேத்தி என்று மூன்றை மட்டும் விட்டு, மீதிக் கன்றைப் பிறருக்குக் கொடுத்துவிடவேண்டும் என்பது பாட்டியின் விதி. ‘வாழையடி வாழை’ என்று வாழ்த்துகிறோமே, அது எப்படி நடக்கிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் சாக்குப் பையில் வராத ஒன்று உண்டு. எந்த மாதம் எதை நடவேண்டும், எதற்குத் தண்ணீரை நிறுத்தவேண்டும், எந்தப் பூ எந்தச் சாமிக்கு என்ற அறிவு. அது பெரியவர்கள் தலைக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் அச்சாகும் பஞ்சாங்கத்திலும் நாட்காட்டியிலும் நெகிரி செம்பிலான் மழை இல்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் வசந்தகாலமும் நமக்கு உதவாது. நூறாண்டுக்கு மேலாகத் தோட்டத்து மக்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணக்கு இது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. வாசலுக்கு முழுசாக சிமெண்ட் போட்டாலும் ஒருநாள் உடைத்து மண் கொட்டிக்கொள்ளலாம். பெரியவர்களோடு போன கணக்கை எங்கே போய்க் கேட்பது? சங்கத்தில் நாம் தேவாரம் கற்பிக்கிறோம், பரதம் கற்பிக்கிறோம். இதையும் அதே அக்கறையோடு கற்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

5. செய்து பார்ப்போம்

ஒன்று: ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அந்த மாதம் என்ன விதைப்பார்கள், என்ன பறிப்பார்கள், என்ன படைப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எந்தத் தோட்டத்தில் கற்றார்கள் என்பதையும் குறியுங்கள்.

இரண்டு: ஒரு வருடம் மழை பெய்த நாட்களை அதே நோட்டில் கோடு போட்டு வாருங்கள். பெரியவர் சொன்னதும் வானம் செய்ததும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று: பிளாட்டில் இருப்பவர்கள் ஒரு துளசி, ஒரு பசளிக்கொடி, ஒரு கறிவேப்பிலை என்று மூன்று தொட்டியில் தொடங்குங்கள். துளசியில் பூங்கதிர் வந்ததும் கிள்ளிச் சாமிக்கு வையுங்கள், செடி அதிக நாள் வாழும்.

நான்கு: உங்கள் வட்டாரக் கோயிலில் பூசை முடிந்த மாலைகள் எங்கே போகின்றன என்று விசாரியுங்கள். குப்பைக்குப் போகிறது என்றால், நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு ஒரு மூலையில் உரத்தொட்டி வையுங்கள். நூல், பிளாஸ்டிக், ஜிகினாத்தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு பங்கு பூவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை கலந்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். நம் வெப்பத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும். அந்த உரத்தில் கோயிலிலேயே ஒரு நந்தியாவட்டை வையுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

அ) ஆடிப்பட்டம் போல, இந்த நாட்டில் காரணம் மாறியும் நாம் விடாமல் செய்யும் வேறு வழக்கங்கள் எவை?

ஆ) பூத யக்ஞத்துக்காக உங்கள் வீட்டில் எதை விட்டுக்கொடுக்க முடியும்?

இ) நமக்குச் சொந்தமில்லாத மண்ணிலும் நம் முன்னோர் ஏன் மரம் வைத்தார்கள்?

மூன்றாவது கேள்வியை முதலில் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சொன்னதிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம்.